இறக்கி வைக்கக் கூடாத பாரம்

முத்தையாபுரத்துக்காரர்களுக்கு ‘டிரெய்லர்’ என்னும் சொல் புதிதன்று. துறைமுகத்துக்குச் சரக்குப் பெட்டகங்களை ஏற்றிச் செல்லும் நீண்ட லாரிகளை நாம் அப்படித்தான் அழைக்கிறோம். அமெரிக்காவிலோ அதே சொல் வேறொன்றையும் குறிக்கும். காரின் பின்னால் கொக்கியில் பூட்டி இழுத்துச் செல்லக்கூடிய சிறு வீடு அது. அதற்குள் கட்டில் உண்டு, அடுப்பு உண்டு, தண்ணீர்த் தொட்டியும் கழிப்பறையும் உண்டு. விடுமுறை நாள்களில் ஊர் சுற்றிப் பார்ப்பதற்கென்று தோன்றிய இந்த வண்டிவீட்டையே நிரந்தர இல்லமாகக் கொண்டு, குடியிருந்த வீட்டை விற்றுவிட்டுப் புறப்படும் கணவன் மனைவியர் அங்கே பலர் இருக்கின்றனர். பெரும்பாலும் அவர்கள் பிள்ளைகளை ஆளாக்கிவிட்டுப் பணி ஓய்வு பெற்றவர்கள். அவர்களுள்ளும் சிலர், ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட பழைய வண்டிவீடு ஒன்றைத் தேடி வாங்கி, தம் கையாலேயே பழுது பார்த்து, அதில் குடியேறுகிறார்கள்.

இதைக் கேட்டவுடன் நம் உள்ளத்தில் இரண்டு எண்ணங்கள் எழுவது இயல்பு. ‘என்ன அழகான பற்றற்ற வாழ்வு’ என்று ஒன்று வியக்கும். ‘வயதான காலத்தில் பொறுப்பை உதறிவிட்டு ஓடுகிறார்களே’ என்று மற்றொன்று முகம் சுளிக்கும். இவ்விரண்டில் எது சரி? வீட்டைத் துறப்பது அறமா, தப்பித்தலா? நம் ஊரில் எவரும் வண்டிவீட்டில் குடியேறப் போவதில்லை என்பது உண்மையே. ஆயினும் இக்கேள்விக்கு விடை காண முயன்றால், நம் வீடுகளைப் பற்றியே சிலவற்றைத் தெரிந்துகொள்வோம்.

முதலில் அவர்களுடைய ஆயத்தத்தைப் பார்ப்போம். வாலி பையம் என்பவர் 1930களில் தொடங்கிய ‘ஏர்ஸ்ட்ரீம்’ நிறுவனத்தின் வண்டிகள் இவ்வகையில் பெயர் பெற்றவை. விமானத்தைப் போல் அலுமினியத் தகடுகளை ஆணியடித்து இணைத்து, உருண்டை வடிவில் செய்யப்பட்டவை. வெளித்தகடு அரை நூற்றாண்டு கடந்தும் பளபளக்கும். ஆனால் வாங்குபவர் பளபளப்பைப் பார்த்து ஏமாறுவதில்லை. மண்டியிட்டுத் தரையைத் தட்டிப் பார்க்கிறார். இணைப்புகளின் வழியே பல்லாண்டுக் காலம் மழைநீர் கசிந்து, விரிப்புக்கு அடியிலுள்ள ஒட்டுப்பலகை மக்கிப் போயிருக்கக்கூடும். மின்கம்பி, எரிவாயுக் குழாய், அச்சு, நிறுத்துவிசை அனைத்தையும் சோதிக்க வேண்டும். டயர் தேயாமல் புதிதுபோல் தோன்றினாலும் ஆண்டுகள் கடந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். நின்ற இடத்திலேயே அது முதுமை அடைந்துவிடுகிறது.

இவ்வேலைகளையெல்லாம் காசும் உழைப்பும் இருந்தால் செய்து முடித்துவிடலாம். கடினமான வேலை வேறொன்று. ஒவ்வொரு வண்டிக்கும் தாங்கக்கூடிய எடை இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு உண்டு. ஆகவே எதை ஏற்றுவது, எதை விடுவது என்று இருவரும் ஒவ்வொரு பொருளாகக் கையில் எடுத்து முடிவு செய்ய வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. புத்தகங்களோ எதிர்பாராத பாரம். திருமணத்துக்கு வந்த பாத்திரங்கள், பிள்ளைகளின் சிறுவயதுச் சட்டைகள், இறந்த தாயின் நாற்காலி என ஒவ்வொன்றும் தராசில் ஏறுகிறது. எடையின் அளவு மட்டுமன்று, அது இருக்கும் இடமும் முக்கியம். மொத்த எடையில் ஏறத்தாழப் பத்து முதல் பதினைந்து விழுக்காடு முன்புறக் கொக்கியின் மேல் அமர வேண்டும் என்பர். பின்பாரம் மிகுந்தால் வேகத்தில் வண்டி வாலாட்டி, இழுக்கும் காரையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும்.

இந்தத் தராசு நமக்கும் ஒரு நல்ல ஆசிரியர் அன்றோ? உடைமை பாவமன்று. ஒருவர் பொருளைத் தமக்கென வைத்துக் காக்கலாம். ஆனால் அதைப் பயன்படுத்தும்போது, தேவைப்படும் பிறருக்கும் உரியதாகவே கருத வேண்டும் என்பது புனித தோமா அக்குவினாஸின் போதனை. பீரோவில் பத்தாண்டுகளாகத் தொடப்படாமல் கிடக்கும் பொருளை நாம் உண்மையில் பயன்படுத்துவதுமில்லை, பகிர்வதுமில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை நம் மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது; முத்தையாபுரமும் நீரில் நின்றது. இடுப்பளவு தண்ணீரில் வீட்டை விட்டு வெளியேறும் ஒருவர் எதைத் தூக்குவார்? பள்ளிச் சான்றிதழ், பட்டா, குடும்ப அட்டை, மாத்திரைப் பை ஆகியவற்றைத்தான். அதற்கும் முன்பாக, நடக்க முடியாத தாயையும் கைக்குழந்தையையும் தூக்குவார். வெள்ளம் ஒரு நொடியில் கற்றுக்கொடுக்கும் பாடத்தை அந்தத் தம்பதியர் ஓராண்டுக் காலம் அமைதியாக அமர்ந்து கற்கிறார்கள் எனலாம்.

சிறிய இடத்தில் வாழப் புறப்படுவது நம் மண்ணுக்கு அந்நியமும் அன்று. தேரிக்காட்டுப் பனையேறிக் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். பங்குனியில் பருவம் தொடங்கினால், கணவனும் மனைவியும் ஊரிலுள்ள வீட்டைப் பூட்டிவிட்டுப் பனங்காட்டுக்குக் குடிபெயர்வர். அங்கே ஓலையால் வேய்ந்த விடிலிதான் அவர்களுக்கு அடுப்படி, படுக்கையறை, தொழிற்கூடம் எல்லாம். அவர்களுடைய ஆயத்தமும் எண்ணி எடுத்து வைக்கும் ஆயத்தமே. பாளை சீவ அரிவாள், சுண்ணாம்பு தடவிய கலயங்கள், பதநீர் காய்ச்சும் பெரிய பாத்திரம், கருப்பட்டி ஊற்றச் சிரட்டைகள், சமையலுக்குச் சில சட்டிகள், அவ்வளவுதான். அவன் மரமேறுவான்; அவள் அனலில் நின்று காய்ச்சுவாள். நிமிர்ந்து நிற்கவும் முடியாத அந்தக் குடிசைக்கு வழிப்போக்கர் ஒருவர் வந்துவிட்டால், ஓலையில் பட்டை மடித்துப் பதநீர் ஊற்றிக் கொடுப்பார்கள். குடிசை சிறுத்ததனால் விருந்து சிறுக்கவில்லை.

விவிலியத்திலும் இப்படியொரு முதிய தம்பதியர் உண்டு. ஆபிரகாம் காரானை விட்டுப் புறப்பட்டபோது அவருக்கு வயது 75 என்று தொடக்க நூல் கூறுகிறது. சாரா அவரைவிடப் பத்து வயது இளையவர். ஓய்ந்து அமர வேண்டிய வயதில் அவர்கள் கூடார வாழ்வை ஏற்றார்கள். ஆனால் மம்ரே மரங்களின் அருகே, வெயில் கொளுத்தும் வேளையில், ஆபிரகாம் எங்கே அமர்ந்திருந்தார்? கூடார வாயிலில். மூன்று அந்நியரைக் கண்டதும் அவர் ஓடிச் சென்று அழைக்கிறார்; உள்ளே சாரா அப்பம் சுடுகிறார். இடம் பெயர்ந்துகொண்டே இருந்தவர்களின் கூடாரத்துக்கு ஒரு வாயில் இருந்தது என்பதே இங்கு நாம் கவனிக்க வேண்டியது.

இதற்கு எதிரான எச்சரிக்கையும் திருச்சபையின் மரபில் உண்டு. ஆறாம் நூற்றாண்டில் துறவிகளுக்கு ஒழுங்கு வகுத்த புனித ஆசீர்வாதப்பர், ஒரு மடத்தில் மூன்று நாள், அடுத்த மடத்தில் நான்கு நாள் எனச் சுற்றித் திரியும் துறவிகளைக் கடுமையாகச் சாடினார். ஓரிடத்தில் நிலைத்திருப்பதையே ஒரு வாக்குறுதியாக்கினார். காரணம் எளிது. ஓரிடத்தில் நிலைத்திருந்தால்தான் பிடிக்காத மனிதரோடும் ஒத்துப் போக வேண்டியிருக்கும். அண்டை வீட்டார் நாம் தேர்ந்தெடுத்தவர் அல்லர். ஆயினும் அவர் வீட்டுச் சாவுக்கு நாம் போயாக வேண்டும். பிணக்கு வரும்போதெல்லாம் கொக்கியைப் பூட்டிக் கிளம்பிவிடுபவர் எந்த மனிதரையும் முழுமையாக அறியமாட்டார்.

அப்படியானால் வண்டிவீட்டு வாழ்வு அன்புக்கு முரணானதா? ஜோ பீட்டர்சன், கே பீட்டர்சன் என்னும் தம்பதியரின் வரலாறு இதற்கு ஓரளவு விடை தருகிறது. வண்டிவீட்டையே முழுநேர இல்லமாகக் கொண்ட இவர்கள், தம்மைப் போன்றோரை இணைக்க 1978இல் ‘எஸ்கேப்பீஸ்’ என்னும் சங்கத்தைத் தொடங்கினர். தப்பியோடியவர்கள் என்ற பொருள் தொனிக்க, விளையாட்டாக வைத்த பெயர் அது. வண்டியை நிறுத்தும் இடமே வீடு என்பது கே எழுதிய நூலின் தலைப்பு. ஆனால் காலப்போக்கில் தெரிந்தது என்ன? நாடோடிகளுக்கும் கடிதம் வந்து சேர ஒரு முகவரி வேண்டும். முதுமையும் நோயும் வந்தபின் வண்டியோட்ட முடியாது. துணை இறந்தவர் தனித்து நிற்பார். எனவே டெக்சாஸ் மாநிலத்தின் லிவிங்ஸ்டன் நகரில் அச்சங்கம் ஒரு பராமரிப்பு மையத்தை அமைத்தது. இனிப் பயணம் செய்ய இயலாதவர்கள் தங்கள் வண்டிவீட்டை அங்கே நிறுத்தி, அதிலேயே வாழ்ந்துகொண்டு, உணவும் உதவியும் பெறுகிறார்கள். தப்பியோடியவர்கள் என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள், கடைசியில் தங்களுக்கென ஓர் அக்கம்பக்கத்தை உண்டாக்கிக் கொண்டார்கள். வீட்டை இறக்கி வைத்தவர்களால் மனிதரை இறக்கி வைக்க முடியவில்லை.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விரும்பிப் புறப்படுவது வேறு, துரத்தப்படுவது வேறு. 2008ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சியில் வீட்டையும் சேமிப்பையும் இழந்த அமெரிக்க முதியோர் பலர், வேனிலும் வண்டிவீட்டிலும் வாழ்ந்துகொண்டு பருவ வேலைக்கு அலைந்ததை, ஜெசிக்கா புரூடர் 2017இல் ‘நோமேட்லேண்ட்’ என்ற நூலாக எழுதினார். அதன் திரைப்பட வடிவம் 2021இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் விருது பெற்றது. நம் நாட்டில் நரிக்குறவர் மக்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேற 2022 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஓய்வூதியம் பெறும் தம்பதியருக்குக் கட்டணம் செலுத்தினால் முகவரி கிடைத்துவிடும். ஏழை நாடோடியின் பிள்ளையோ ஒரு சான்றிதழுக்காக அலுவலகப் படிகளில் ஆண்டுக்கணக்கில் நிற்கும். துறைமுகச் சாலையோரம் லாரி நிழலில் சோறு பொங்கும் ஓட்டுநரைப் பார்த்து ‘எளிய வாழ்வு’ என்று நாம் வியந்தால், அவர் நம்மைப் பார்த்துச் சிரிப்பார். திரும்பிச் செல்ல வழியிருப்பவரின் எளிமைதான் எளிமை. வழியற்றவரின் நிலைக்கு வறுமை என்றே பெயர்.

இனி, நம் வீடுகளுக்கு வருவோம். கப்பல் சம்பாத்தியத்திலும் வளைகுடாச் சம்பாத்தியத்திலும் கட்டிய மூன்று படுக்கையறை வீடுகள் நம் பகுதியில் எத்தனை பூட்டிக் கிடக்கின்றன! அவற்றைக் கட்டிய பெற்றோர் எங்கே? தந்தை சென்னையில் மூத்த மகன் வீட்டில். தாய் கோவையில் மகள் வீட்டில், பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள. நாற்பது ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவர்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் ஒருவர் நலத்தை ஒருவர் விசாரித்துக் கொள்கிறார்கள். பிள்ளைகள் கொடியவர்கள் அல்லர். ‘ஆளுக்கு ஒருவர்’ என்று நியாயமாகத்தான் பங்கிட்டார்கள். நிலத்தைப் பங்கிட்ட அதே நியாயம்! திருமண உறவில் இறைவன் இணைத்ததை எவரும் பிரிக்கலாகாது என்று போதிக்கும் நாம், இந்தப் பிரிவினையைக் குடும்பப் பொறுப்பு என்று அழைக்கிறோம்.

இருபதடி நீளத் தகரப் பெட்டிக்குள் குடியேறும் அந்த அயல்நாட்டு முதியோரை இந்தப் பின்னணியில் மறுபடி பாருங்கள். அங்கே கோபித்துக்கொண்டு போய்க் கதவடைக்க இன்னோர் அறை இல்லை. ஒருவர் எழுந்து நடந்தால் மற்றவர் ஒதுங்கி வழிவிட வேண்டும். அதற்குச் சம்மதித்துத்தான் அவர்கள் எல்லாவற்றையும் விற்றிருக்கிறார்கள். பொருள்களையெல்லாம் தராசில் ஏற்றி இறக்கியவர்கள், ஒருவரையொருவர் மட்டும் தராசில் வைக்கவில்லை. பேரப்பிள்ளைகளுக்கும் அண்டை அயலாருக்கும் அவர்கள் பட்ட கடமை ஒன்று உண்டு. அதை மறந்து போவார்களானால் அது குற்றமே. ஆனால் நாமோ பொருள்களையெல்லாம் வைத்துக்கொண்டு, மனிதரை இறக்கி வைக்கிறோம்.

ஆகவே வீட்டை விடுவதா, வீட்டில் இருப்பதா என்பது அறத்தின் கேள்வியே அன்று. புறப்படுவோரையும் தங்குவோரையும் நோக்கி அறம் கேட்பது இதைத்தான்: உன் பாரத்தில் எதைக் குறைத்தாய்? அந்தக் குறைவில் யாராவது விழுந்தார்களா?

அன்பு வாசகரே, வீட்டை விற்கும்படி உம்மை எவரும் கேட்கவில்லை. உம் பெற்றோர் இருவரும் உயிரோடு இருந்தால், இந்த வாரம் அவர்களை ஒன்றாக அமர வைத்து ஒரே ஒரு கேள்வி கேளும்: ‘நீங்கள் இருவரும் எங்கே, எப்படி இருக்க விரும்புகிறீர்கள்?’ இந்நாள்வரை அவர்களிடம் எவரும் இதைக் கேட்டிருக்க மாட்டார்கள். உடனே பதில் வராது. அம்மா அப்பாவின் முகத்தைப் பார்ப்பார்கள். பதில் வரும்வரை நீரும் எழுந்து போகாமல் உட்கார்ந்திரும்.