அற்பாயுசு

தம்பி போன மூன்றாம் நாள், துக்கம் விசாரிக்க வந்த பெரியவர் ஒருவர், "அற்பாயுசுல போயிட்டான், அவன் கணக்கு அவ்வளவுதான்" என்றார். தம்பிக்கு 22 வயது. கல்லூரி அணியில் வேகப்பந்து வீசியவன். பந்தைத் தேய்த்துத் தேய்த்து வெள்ளை பேன்ட்டின் வலது தொடையில் ஏறிய செங்கறை, அம்மா எத்தனை சோப்பு போட்டும் போகவில்லை. பெரியவர் ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அந்த 'அற்ப' என்னை இன்றுவரை விடவில்லை. ஆயுள் குறைந்தால் வாழ்வும் அற்பமாகிவிடுமா?

இந்தக் கேள்வியோடுதான் கிரிக்கெட் வீரர் மேஜர் பூத்தின் கதையைப் படித்தேன். மேஜர் என்பது ராணுவப் பதவியல்ல; பெற்றோர் வைத்த பெயர். யார்க்‌ஷயரில் பட்ஸி ஊர்க்காரர். 1913 சீசனில் 181 விக்கெட். இங்கிலாந்தில் அந்த வருடம் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆடிய டெஸ்ட் இரண்டே இரண்டு. முதல் உலகப் போர் வந்ததும் லீட்ஸ் பால்ஸ் படையில் சேர்ந்தார். 1916 ஜூலை 1, சோம் போர்முனை, செர் கிராமத்தருகே குண்டுப் பள்ளமொன்றில் உயிர் போனது. வயது 29. அவரைக் கையில் தாங்கியிருந்த சிப்பாய் ஏப் வாடிங்டன், பின்னாளில் யார்க்‌ஷயருக்கே பந்து வீசினார். பூத்தின் உடல் அடுத்த வசந்தம் வரை அங்கேயே கிடந்தது. பையில் இருந்த எம்.சி.சி. சிகரெட் பெட்டியை வைத்துத்தான் ஆள் யாரென்று தெரிந்தது.

பூத் இறந்ததை அவர் சகோதரி ஆனி நம்பவில்லை. அவர் அறையை அப்படியே வைத்திருந்து, ஜன்னலில் விளக்கேற்றிக் காத்திருந்தார் என்கிறார்கள். அதைப் பைத்தியம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. செங்கறை பேன்ட் எங்கள் பீரோவில் இன்னும் மடித்தபடியே இருக்கிறது.

விதி என்றால் சாவுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். வாழ்ந்ததை அளக்க அந்தப் படி உதவாது. எத்தனை விக்கெட் என்ற படியும் உதவாது என்றே நினைக்கிறேன்.

1914 ஆகஸ்ட், போர் தொடங்கிச் சில வாரம். வெஸ்டன் சூப்பர் மேர் மைதானத்தில் சோமர்செட் இரண்டாம் இன்னிங்ஸ். பூத்தின் யார்க்‌ஷயர் அணி சகா அலோன்ஸோ டிரேக் 8.5 ஓவரில் 35 ரன் கொடுத்து பத்து விக்கெட்டும் எடுத்தார். கடைசி ஓவருக்கு ஆறாவது பந்தே இல்லை. மூன்றாவது ஒருவர் கைக்குப் பந்து போகவுமில்லை. மறுமுனையில் ஒரு விக்கெட்டும் கிடைக்காமல், ஆட்டம் முடியும் வரை பூத் ஓடிவந்து வீசிக்கொண்டிருந்தார்.