மூவரில் ஒருவர்

பலவீனப்பட்ட இருதயத்திற்கு இன்னொரு தொல்லையும் வருவதுண்டு. அதன் இடது அறையின் வெளிச்சுவருக்கு மின்துடிப்பு பிந்திப் போய்ச் சேர்கிறது. ஒரு பக்கத்துத் துடுப்புகள் பிந்தினால் வள்ளம் நின்ற இடத்தில் அலைவதுபோல, இரத்தமும் வெளியே தள்ளப்படாமல் அறைக்குள் அலைகிறது. மருந்து போதாதபோது மூன்று கம்பிகள் கொண்ட பேஸ்மேக்கர் ஒன்றைத் தோலின் கீழ் வைப்பார்கள். மூன்றாவது கம்பி இருதயத்தின் நாளம் ஒன்றினூடாக அந்தப் பிந்திய சுவரைச் சென்றடைந்து, இரு பக்கத்தையும் ஒன்றாகத் துடிக்க வைக்கிறது.

ஐரோப்பிய வைத்தியசாலைகளில் 813 பேரிடம் இதைச் சோதித்து 2005 இல் முடிவை வெளியிட்டார்கள். சராசரி 29 மாத காலத்தில், மருந்து மட்டும் பெற்ற 404 பேரில் 120 பேரும், கருவியும் பெற்ற 409 பேரில் 82 பேரும் இறந்திருந்தனர். நூற்றுக்கு 30 என்றிருந்தது 20 ஆயிற்று. மருத்துவத்தில் இது பெரிய வெற்றி. ஆனால் அந்தப் பத்துப் பேர் யார்? பிழைத்திருப்பவர் எவருக்கும் தாம் கருவியால் பிழைத்தோமா, அது இல்லாமலும் பிழைத்திருப்போமா என்று தெரியாது. நன்றி சொல்வதற்குக்கூட அந்தப் பத்துப் பேரைப் பெயர் சொல்லி அழைக்க முடியாது.

இதன் மறுபக்கமும் உண்டு. கருவி வைத்தவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு வெளிப்படையான சுகம் தெரிவதில்லை. அந்த ஒருவரை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம் என்ற நம்பிக்கையில்தான் இருதயத்தைப் படம் பிடிக்கும் முயற்சி தீவிரமடைந்தது.

இருதயத்தின் ஒலியலைப் படம் பிறந்தது சுவீடனில். 1953 இல் லுண்ட் நகரத்து வைத்தியர் இங்கே எட்லரும் பௌதிகவியலாளர் ஹெல்முத் ஹெர்ட்ஸும், மால்மோ கப்பல் கட்டும் தளத்தில் இரும்பில் வெடிப்புத் தேடும் கருவியை இரவல் வாங்கித்தான் தொடக்கப் பரீட்சைகளைச் செய்தார்கள். அந்தக் கருவியின் வாரிசுகள் இன்று சுவரின் ஒவ்வொரு அசைவையும் அளந்து காட்டுகின்றன. அளந்தால் போதுமா? 2008 இல் வெளியான ஆய்வொன்றில் 498 நோயாளரின் படங்களில் பன்னிரண்டு வகை அளவுகளைப் பார்த்தார்கள். எவருக்குப் பலன் வரும் என்பதை நம்பிச் சொல்ல ஒரு அளவுகூட உதவவில்லை. ஒரே படத்தைப் பார்த்த நிபுணர்களே வேறு வேறு அளவுகள் சொன்னார்கள்.

2013 இல் வந்த செய்தி இதைவிடக் கசப்பானது. ஈ.சி.ஜி.யில் பெரிய தாமதம் இல்லாத, ஆனால் ஒலியலைப் படத்தில் ஒத்திசையாமை தெரிந்த 809 பேருக்குக் கருவி வைத்தார்கள். ஒரு பாதியினருக்கு அந்த மூன்றாவது கம்பியின் வேலையை இயக்கினார்கள், மறுபாதியினருக்கு இயக்கவில்லை. இயக்கப்பட்ட 404 பேரில் 45 பேர் இறந்தார்கள்; இயக்காத 405 பேரில் 26 பேர். பலன் வரப்போவதில்லை என்று கண்டு ஆய்வை இடையில் நிறுத்தினார்கள். கண்ணால் கண்ட கோளாறைத் திருத்தப் போய் நடந்தது இது. கண்ணால் கண்டதும் பொய் என்று எங்கள் ஊரில் சொல்வதை நவீன விஞ்ஞானம் இவ்வளவு விலை கொடுத்துத்தான் படிக்க வேண்டியிருந்தது.

அதற்காகப் படம் வீண் என்று சொல்வது சோம்பேறித்தனம். எம்.ஆர்.ஐ. படத்தில் பழைய மாரடைப்பின் தழும்பு தெரியும். கம்பி போய்ச் சேர வேண்டிய சுவரே தழும்பாகிவிட்டால் பலன் குறைவு என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. கம்பியை எங்கே வைப்பது என்று கேட்டால் படம் உதவுகிறது. இவருக்கு வைக்கவே வேண்டாம் என்று சொல்ல அதே படத்தை நீட்டும்போதுதான் எமக்குத் தயக்கம் வருகிறது. சுகம் தெரியவில்லை என்று கணக்கில் தள்ளப்பட்ட அந்த மூன்றாமவருக்குக் கருவி இல்லாவிட்டால் நோய் இன்னும் வேகமாக முற்றியிருக்கலாம். அதை எந்தப் படத்தில் பார்ப்பது?

படத்தால் தீர்ப்பெழுதும் வழக்கம் அகதிகளாகிய எமக்குப் புதிதல்ல. பத்திரமில்லாமல் வந்த இளைஞனின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து, அவன் சிறுவனா பெரியவனா என்று முடிவுசெய்யும் நடைமுறை ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் உண்டு. அதற்கு ஒப்பிடப் பயன்பட்ட பிரசித்தமான படப்புத்தகம் 1950 இல் வெளியானது. அதிலுள்ளவை 1930களிலும் 1940களின் தொடக்கத்திலும் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் வசதியாக வளர்ந்த பிள்ளைகளின் கைகள். படம் சொன்னது அந்தப் பிள்ளைகளைப் பற்றி. கையெழுத்து விழுந்தது இவன் விண்ணப்பத்தில்.

ஆனால் வைத்தியரை மட்டும் குறை சொல்லித் தப்ப முடியாது. எம்மவர் வீடுகளில் நடப்பதைப் பார்ப்போம். வைத்தியர் டொச்சிலோ பிரெஞ்சிலோ நோர்வேஜிய மொழியிலோ விளக்குகிறார். மொழிபெயர்ப்பது மகள். நூற்றுக்கு இத்தனை, தழும்பு இவ்வளவு என்று அவர் சொல்லி முடித்ததும் தகப்பன் கேட்கிறார், "என்னவாம் பிள்ளை?" மகள் சொல்கிறாள், "ஒண்டுமில்லை அப்பா, சின்ன மெசின் ஒண்டு வைப்பினமாம்." அன்பினால்தான் சொல்கிறாள். ஆனால் யாருடைய இருதயமோ அவரைத் தவிர அறையிலிருந்த எல்லோருக்கும் இப்போது அந்த எண் தெரியும். மரணத்தைக் குண்டுவீச்சிலும் கடலிலும் பார்த்து வந்த மனிதருக்கு ஒரு எண்ணைத் தாங்கும் பலம் இல்லை என்று தீர்மானிக்க எமக்கு யார் உரிமை தந்தது? ஊருக்கு ஒருமுறை போய்வர அவர் நினைத்திருக்கலாம். காணி உறுதியை யாருக்கு எழுதுவது என்று யோசித்திருக்கலாம். கருவியே வேண்டாம் என்றும் சொல்லியிருக்கலாம்.

1958 இல் ஸ்டொக்ஹோமில் உலகின் முதல் பேஸ்மேக்கரை உடலுக்குள் பொருத்திக்கொண்டவர் ஆர்னே லார்சன். மனைவியின் விடாப்பிடியால்தான் வைத்தியர்கள் இணங்கினார்கள். முதற் கருவி சில மணி நேரத்தில் நின்றது. கருவிகள் இருபதுக்கு மேல் மாற்றி, அதைச் செய்த பொறியியலாளரும் பொருத்திய சத்திரசிகிச்சை நிபுணரும் இறந்த பின்பும் வாழ்ந்து, 2001 இல் 86 வயதில் இறந்தார். அதுவும் இருதய நோயால் அல்ல. ஒரு லார்சனைக் காட்டி எல்லோருக்கும் நம்பிக்கை விற்க முடியாது என்பதும் எமக்குத் தெரியும்.

சொல்வதற்குத் தமிழில் வார்த்தை இல்லை என்ற சாட்டும் எடுபடாது. மகள் இப்படிச் சொல்லலாம்: "அப்பா, இதை வைச்ச மூண்டு பேரிலை ரெண்டு பேருக்குச் சுகம் தெரியுமாம். உங்களுக்குத் தழும்பு கொஞ்சம் கிடக்காம், அதாலை சந்தேகமாம். நீங்கள் எந்த ஆள் எண்டு அவைக்கும் தெரியாதாம். உங்களுக்கு என்ன விருப்பம்?"