வறட்சி நம் தலையெழுத்து அல்ல

"வறண்ட மாவட்டம் சார், இங்க எதுவும் தேறாது." சித்திரை மாதத்து மதியம் தர்மபுரியில் எந்த டீக்கடையில் நின்றாலும் இது காதில் விழும். சொல்பவர் முகத்தில் வருத்தம்கூட இருக்காது, பழகிப்போன சலிப்புதான் இருக்கும். எனக்கு வெயிலைவிட அந்தச் சலிப்பின் மேல்தான் கோபம்.

தேறாது என்று யார் சொன்னது? கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் அதியமானின் முன்னோர் என்கிறது புறநானூறு. நாமோ தகடூர் என்ற நம் தர்மபுரியின் பெருமையை நெல்லிக்கனியோடு நிறுத்திக்கொள்கிறோம். தண்ணீர் கேட்கும் பயிரைத் தேடிக் கொண்டுவந்தவர்களின் மண்ணில் நின்றுகொண்டு "வானம் பார்த்த பூமி" என்று கைவிரிக்க நமக்கு வெட்கமாக இல்லையா? இராமாக்காள் ஏரி, அன்னசாகரம் ஏரி, பிடமனேரி என்று நகரைச் சுற்றியே எத்தனை ஏரிகள்! பொக்லைன் இல்லாத காலத்தில், மண்வெட்டியும் கூடையும் மட்டுமே வைத்துக் கரை எழுப்பிய கைகள் நம் பாட்டன்மாருடையவை.

ஏரி ஈரமும் மரமும் இந்த வெயிலை என்ன செய்யும் என்று ஒரு கணக்கு போடுவோம். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக முக்கால் யூனிட் மின்சாரத்துக்குச் சற்றுக் குறைவான வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து உறிஞ்சுகிறது. வேரில் ஈரம் கிடைத்தால் வளர்ந்த பெரிய மரம் ஒரு நாளில் நூறு லிட்டர் வரை இலை வழியே வெளியேற்றும். ஒன்றரை டன் ஏசி பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடி அகற்றும் வெப்பம் அது. ஏசி அந்த வெப்பத்தைப் பக்கத்து வீட்டு ஜன்னலில் கக்கும். மரம் யார் மேலும் கக்காது. கடலோர ஊர்களின் புழுக்கத்தில் ஆவியாதல் அவ்வளவாக உதவாது. நம்முடையதோ உலர்ந்த வெயில். இங்கே ஈரமும் நிழலும் இருந்தால் பலன் உடனே தெரியும். எதைக் குறை என்று புலம்புகிறோமோ, அதுவே நமக்குச் சாதகம்!

நமக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஏரி வற்றியதும் போர்வெல் போட்டோம். தண்ணீர் கிடைக்காதபோதெல்லாம் இன்னும் ஆழம் போனோம். ஆழத்துப் பாறையிலிருந்து தண்ணீரோடு புளோரைடும் சேர்ந்து வந்தது. பிள்ளைகளின் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை, பெரியவர்களின் மூட்டில் வலி, சிலருக்கு வளைந்த எலும்பு. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அது பெரிய வரம், மறுக்கவில்லை. ஆனால் குழாயில் காவிரி வந்ததும் ஏரியைக் கைகழுவிவிட்டோம். மழைநீர் நிலத்தில் இறங்கினால் அடிநீரில் புளோரைடின் அடர்த்தி குறையும். அந்த நீரை இறக்கித் தருவது ஏரிதான்.

வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று 2024-இல் தமிழக அரசே அறிவித்துவிட்டது. வெயிலில் செத்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். அந்தக் காசோலைக்கா காத்திருக்கிறீர்கள்? சித்தாள் வேலைக்குப் போகும் அக்காவும், தகரக் கூரையின் கீழ் தூக்கமில்லாமல் புரளும் தாத்தாவும் உயிரோடு இருக்கும்போதே ஏதாவது செய்ய வேண்டாமா?

"நம்மால என்ன ஆகும்?" என்பவர்கள் தொப்பூர்க் கணவாயைத் தாண்டிச் சேலம் போய்ப் பாருங்கள். மூக்கனேரியில் 2010-இல் சேலம் மக்கள் குழு இறங்கியது. சூழலியல் ஆர்வலர் பியூஷ் மானுஷ் முன்னால் நின்றார், ஊர்மக்கள் பணம் கொடுத்தார்கள். தூர்வாரிய மண்ணை எங்கே கொட்டுவது? ஏரிக்குள்ளேயே தீவுகளாகக் குவித்து மரம் நட்டார்கள். மரம் வளர்ந்தது, பறவை வந்தது. எதுவும் தேறாது என்று நாம் சொல்லும் தர்மபுரியிலேயே தரிசு நிலத்தை வாங்கிக் காடாக்கிக் காட்டியவரும் அதே பியூஷ்தான். சேலத்தான் செய்ததை நாம் செய்ய முடியாதா?

ஆனால் செய்வதை உருப்படியாகச் செய்யுங்கள். கரையைச் சுற்றிச் சிமென்ட் கல் பதித்து, செல்ஃபி மேடை கட்டி, நாடா வெட்டுவதற்குப் பெயர் ஏரிச் சீரமைப்பு அல்ல. வரத்துக் கால்வாய் அடைபட்டிருந்தால் எத்தனை அடி தோண்டினாலும் அது வெறும் பள்ளம். முதலில் கால்வாய், அதன்பின் மதகும் கோடியும், கடைசியில்தான் நடைபாதை. கரையோரம் நீர்மருது, புங்கன், பூவரசு, நாவல் நடுங்கள். நட்ட அன்று போட்டோ எடுத்தவர் இரண்டு கோடைக்குத் தண்ணீரும் ஊற்றட்டும். நம் ஊர்ச் சனத்குமார நதியைச் சாக்கடை என்று சொல்லி மூக்கைப் பொத்திக்கொண்டு கடப்பவர்களே, அதில் கழிவை விடும் குழாய் எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்று ஒருநாள் நடந்து பாருங்கள். அது உங்கள் தெருவாகவும் இருக்கலாம்.

இன்றே தொடங்குங்கள். கிராம வரைபடத்தையும் 'அ' பதிவேட்டு நகலையும் கேட்டு வாங்குங்கள். ஏரிக்கும் கால்வாய்க்கும் ஆவணத்தில் எவ்வளவு இடம், தரையில் எவ்வளவு மிச்சம் என்று நான்கு பேர் டேப்பைப் பிடித்து அளந்து பாருங்கள். ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. வண்டல் மண் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி கிடைக்கிறது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுங்கள், ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். கிராம சபையில் தலைவர் "பார்க்கலாம்" என்பார். ஏரியின் புல எண்ணைச் சொல்லி, கால்வாயின் நீளத்தைச் சொல்லி, தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை உரக்கப் படிக்கக் கேட்டபின் கையெழுத்துப் போடுங்கள்.