பெயர் ஓரிடம், ஏடு ஓரிடம்

இரவு பதினொன்று. நூலகத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும். கறுப்புத் திரையில் தொகுப்புக் கருவி மேவன் வரிவரியாக ஓடுகிறது. டிஸ்பேஸ் நிறுவுவதில் பாதி வேலை காத்திருப்பதுதான். ஜாவா, போஸ்ட்கிரெஸ், சோலர், டாம்கேட் எல்லாவற்றையும் எழுப்பிவிட்ட பிறகே இதன் முறை வரும். 2002-இல் எம்ஐடி நூலகங்களும் எச்பி ஆய்வகமும் சேர்ந்து வெளியிட்ட மின்களஞ்சிய மென்பொருள். நம் நாட்டு ஆய்வேடுகளைத் தாங்கும் சோத்கங்காவும் இதன்மேல்தான் நிற்கிறது.

8080 போர்ட்டில் சர்வர் பதில் சொல்லிவிட்டது. 4000-இல் முகப்பு வெகுநேரம் வரவில்லை. அமைப்புக் கோப்பில் தந்த முகவரி ஒன்றின் கடைசியில் ஒரு சாய்கோடு கூடுதலாக இருந்தது. எடுத்தேன், வந்தது.

முதல் பதிவாக, 1987-இல் எங்கள் மாணவி ஒருவர் தட்டச்சு செய்து தந்த ஆய்வேடு. ஊர் ஏரிகளின் வரத்துக்கால்வாய்கள் பற்றியது. படிவத்தில் ஆசிரியருக்கு இரண்டு பெட்டிகள், குடும்பப் பெயருக்கு ஒன்று, முதற்பெயருக்கு ஒன்று. குடும்பப் பெயருக்கு எங்கே போவது? இருப்பது அப்பா பெயரின் முதலெழுத்து. பெயரை முதல் பெட்டியிலும் தலைப்பெழுத்தை அடுத்ததிலும் இட்டேன். இனி எல்லாருக்கும் இதே முறை என்று பதிவேட்டில் எழுதிவைத்தேன். ஆளுக்கொரு விதமாக இட்டால் ஒருவரே மூவராகிவிடுவார்.

ஏற்றிய கோப்பு எங்கே போனது என்று தேடினேன். அசெட்ஸ்டோர் ஃபோல்டருக்குள் ஒரு நீண்ட எண். அதன் முதல் ஆறு இலக்கங்கள் இரண்டிரண்டாகப் பிரிந்து, ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று ஃபோல்டர்கள். கோப்புக்குப் பெயரில்லை, பிடிஎஃப் என்ற வால்கூட இல்லை. தலைப்பு, ஆண்டு, எழுதியவர் எல்லாம் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இருக்கின்றன. தரவுத்தளம் போனாலும் கோப்புகள் குலையாமல் கிடக்கும், ஆனால் எது யாருடையது என்று சொல்ல எதுவும் மிஞ்சாது. பல நூலகங்களில் இந்த இரண்டில் ஒன்றை மட்டும் பேக்கப் எடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம். இரண்டையும் ஒரே இரவில், சேர்த்தே எடுக்க வேண்டும்.

பதிவின் நிரந்தர முகவரியில் வரும் ஹேண்டில் முன்னொட்டு இன்னும் 123456789. மாதிரிக்காகத் தந்த எண் அது. உரிய எண்ணைப் பதிவுசெய்து பெறாவிட்டால், நிரந்தர முகவரி என்று நாம் காட்டுவது நம் வாசலைத் தாண்டி எங்கும் செல்லாது. ஒரே ஒரு பதிவு இருக்கும்போதே மாற்றிவிட வேண்டும். நாளைக்கு முதல் வேலை.

எழுந்திருக்கும் முன் தேடல் பெட்டியில் அவர் பெயரை, தலைப்பெழுத்து இல்லாமல், தட்டினேன். ஒரு பதிவு. 1987. வரத்துக்கால்வாய்கள்.