வந்த நிலையில்

ரிட்சி தெருவை ஒட்டிய சந்தொன்றில், மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை, ஒரு சால்டரிங் அயர்ன், ஒரு மல்டிமீட்டர் – இவ்வளவுதான் அவருடைய கடை. வங்கி விட்டு எப்போதாவது அங்கே போய் உட்காருவேன். இலக்கியம் பேசாத மனிதரோடு உட்கார்ந்திருப்பதில் ஒரு ஆசுவாசம் உண்டு. போன மாதம் நான் போனபோது அவர் வேலை எதுவும் செய்யவில்லை. மீட்டரை எதிரில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். முந்தின வாரம் வந்த மூன்று பவர் சப்ளைகளில், ஐந்து வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 5.3 காட்டியது. ரெகுலேட்டரை மாற்றினார். 5.2க்குக் கீழே வந்தது. கூலி வாங்கிக்கொண்டு கொடுத்தனுப்பினார். நான்காவதில் 5.6. புது ரெகுலேட்டர் போட்டும் 5.6. வேறு கடையில் வாங்கிப் போட்டும் அதே. அப்போதுதான் சந்தேகம் தட்டி, பிரிக்காத ஒரு சாதாரண பென்டார்ச் செல்லை எடுத்து அளந்திருக்கிறார். 1.8 காட்டியது. அந்தச் செல்லுக்குள் இருக்கும் ரசாயனம் அவ்வளவு தராது. ஆக, பொய் சொன்னது மீட்டர்.

மீட்டருக்குள் இருக்கும் ஒன்பது வோல்ட் பாட்டரி தீர்ந்துகொண்டிருந்தது. இந்த வகை மீட்டர் வோல்ட்டை நேராக அறிவதில்லை. தன்னுள்ளே ஒரு சிறு மின்னழுத்தத்தை ஆதாரமாக வைத்துக்கொண்டு, வெளியிலிருந்து வருவது அதைப்போல் எத்தனை பங்கு என்று மட்டும் சொல்கிறது. பாட்டரி ஏறக்குறைய ஏழு வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் அந்த ஆதாரம் நிலைகொள்வதில்லை, அதுவும் இறங்குகிறது. ஆதாரம் சிறுக்கச் சிறுக்க வெளியே உள்ளதெல்லாம் பெரிதாகத் தெரிகிறது. பாட்டரி தீர்ந்தால் எச்சரிக்க முகப்பில் ஒரு சின்னச் சித்திரம் உண்டு. இவருடைய மீட்டரில் அந்த இடத்தின் தொடர்பு விட்டுப்போய், சித்திரம் வரவே இல்லை.

‘அப்புறம் உங்கள் தப்பு என்ன இருக்கிறது?’ என்றேன்.

‘செல்லை வெச்சுப் பாக்க ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா சார்?’ என்றார்.

நோக்கத்தில் களங்கமில்லை என்றால் குற்றமில்லை என்று நாம் படித்திருக்கிறோம். அது நீதிமன்றத்துக்குப் போதும். ஆனால் அவர் தன்மேல் சுமத்திக்கொண்டது வேறு: கருவி கெட்டதற்கு அவர் பொறுப்பல்ல, அதற்கு வெளியே உள்ள ஒன்றோடு ஒத்துப்பார்க்காததற்குப் பொறுப்பு. நேர்மையாகத் தவறாக அளக்க முடியும். நேர்மை இருக்கும்போதுதான் சந்தேகம் தாமதமாக வருகிறது என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது.

மாத்யூ ஆர்னால்டை எனக்குக் கல்லூரியில் ஒரு வருஷம் முழுக்கக் கற்பித்தார்கள். 1880ல் எழுதிய கட்டுரையில் அவர் ஹோமர், தாந்தே, ஷேக்ஸ்பியர், மில்டன் வரிகள் சிலவற்றை மனதில் உரைகல்லாக வைத்துக்கொண்டு மற்றக் கவிதைகளை உரைத்துப் பார்க்கச் சொல்கிறார். எங்கள் கிளையில் நகைக் கடனுக்கு மதிப்பீட்டாளர் கொண்டுவரும் கறுப்புக் கல்லைப் பார்க்கும்போதெல்லாம் ஆர்னால்ட் நினைவுக்கு வருவார். கல் தேயாது, பிரச்னை அதுவல்ல. ஆர்னால்டின் கல் மனதில் இருக்கிறது, மனமோ பாட்டரியில் ஓடுகிறது. இயற்பியல்காரர்களுக்கு இந்தக் கவலை ஓரளவு தீர்ந்துவிட்டது. 1911லிருந்து வெஸ்டன் மின்கலம் என்ற கண்ணாடிக் குப்பியை நம்பியிருந்தவர்கள், 1990லிருந்து ஜோசப்சன் விளைவை வைத்து வோல்ட்டை எடுக்கிறார்கள். குப்பி மூப்படையும், மற்றதற்கு மூப்பில்லை. நமக்கு அப்படி ஒன்று கிடைக்கப்போவதில்லை.

இதெல்லாம் ஏன் என்றால், பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு கவிதைத் தொகுதியை நான் பெரிதாகப் பாராட்டி எழுதினேன். சொந்த ஊரை விட்டு மாற்றலாகி, புத்தகப் பெட்டியைக்கூடப் பிரிக்காமல், நான்கைந்து பத்திரிகைகள் தவிர எதையும் படிக்காமல் இருந்த காலம். மொழியில் ஒரு யுகமாற்றம் என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். சத்தியமாக அப்படித்தான் பட்டது. அந்தக் கவிஞர் நான் புகழ்ந்த அதே பாணியை இன்னும் மூன்று தொகுதிகளுக்கு இழுத்துக்கொண்டு போனார். என் வாக்கியம் இப்போதும் அவர் புத்தகங்களின் பின்னட்டையில் இருக்கிறது.

இப்போது என் கட்டுரைகள் தொகுக்கப்படுகின்றன. அதை மட்டும் விட்டுவிடலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். எனக்கும் சம்மதம்தான். அல்லது நாலு வாக்கியத்தைத் திருத்தி, ‘ஓரளவு’, ‘ஒருவகையில்’ சேர்த்துப் போடலாம். விமர்சகர்கள் செய்கிற காரியம்தான் இது.

காலிபரேஷன் லேப்களில் ஒரு வழக்கம் உண்டு என்று அன்று அவர் சொன்னார். கருவி வந்ததும் திருகைத் தொடக் கூடாது. வந்த நிலையில் அது என்ன காட்டியது என்பதை முதலில் எழுதிவைக்க வேண்டும். அதன் பிறகுதான் சரிசெய்வது. பிழை எல்லையைத் தாண்டியிருந்தால், அதே கருவியால் முன்பு எடுத்த அளவுகள் என்ன ஆயின என்று திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும். முதலிலேயே சரிசெய்துவிட்டால் எவ்வளவு பொய் சொன்னது என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

அவர் தன் நோட்டில் 1.8 என்று எழுதித் தேதி போட்டுவிட்டுத்தான் புது பாட்டரியைப் போட்டார். மூன்று பேருக்கும் போன் செய்தார். ஒருவர் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார். ஒருவர், வேலை செய்கிறதே, விடுங்கள் என்றார். மூன்றாமவர் கண்டபடி ஏசினாராம். இனி அந்தப் பக்கம் வரமாட்டார்.

மதிப்புரை, எழுதிய வருஷத்தோடு, ஒரு எழுத்து மாற்றாமல் தொகுதியில் சேர்ந்துவிட்டது. ப்ரூஃப் பார்த்தாயிற்று. கீழே இரண்டு வரிக் குறிப்பு எழுத வேண்டும், அதற்கு முன் கவிஞரிடம் சொல்ல வேண்டும். அவர் எண் என்னிடம் இருக்கிறது.