பூட்டு கடைசியில்



இன்று வாசிக்கக் கேட்ட எபேசியர் திருமுகத்தின் நான்காம் அதிகாரத்தில் பவுல் மூட்டுகளைப் பற்றிப் பேசுகிறார். உறுப்புகளைப் பிணைப்பவை மூட்டுகள். அந்தப் பிணைப்பால் முழு உடலும் வளர்கிறது என்கிறார். ஓர் உறுப்பு இன்னொன்றைத் தொடும் இடம் மூட்டு. முதலில் தேய்வதும் அதே இடந்தான்.

இதை விளங்கிக்கொள்ள மானிப்பாய்க்காரர் தூரம் போகத் தேவையில்லை. பழைய மொறிஸ் மைனர் ஒன்றைப் பார்த்தால் போதும். போரால் பெற்றோல் தடைப்பட்டிருந்த தொண்ணூறுகளில் இத்தகைய பழைய கார்கள் சில சொட்டுப் பெற்றோலில் எஞ்சினை எழுப்பி, மண்ணெண்ணெயில் ஓடின. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே நாவற்குழிப் பாலத்தை நோக்கிப் பெயர்ந்ததை உங்களில் பலர் நடந்து அனுபவித்தீர்கள்.

அந்தக் காரை வடிவமைத்தவரும் இடம்பெயர்ந்தவர்தான். அலெக் இசிகோனிஸ் 1906இல் சிமிர்னாவில் பிறந்தார். திருவெளிப்பாட்டின் ஏழு திருச்சபைகளில் எபேசுக்கு அடுத்ததாகச் சொல்லப்படும் அதே சிமிர்னா. 1922இல் போர் அந்த நகரை நெருங்கியபோது பெற்றோரோடு கப்பலேறி மால்ற்றாவுக்குப் போனார். அப்போது அவருக்குப் பதினைந்து வயது. தகப்பன் சீக்கிரமே இறந்துபோக, தாயும் மகனும் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள். மொறிஸ் மைனரின் வடிவம் ஏறக்குறைய முடிவாகியிருந்த நேரத்தில், அகலம் போதாது என்று அவருக்குப் பட்டது. மாதிரிக் காரை நெடுகிலும் இரண்டாக வெட்டுவித்து, பாதிகளை விலக்கி விலக்கி வைத்துப் பார்த்தார். 4 அங்குலத்தில் கண் நிறைந்தது. பொனற்றின் நடுவால் ஓடும் தட்டையான பட்டி அந்த 4 அங்குலந்தான். 1948இல் வெளிவந்த அந்தக் கார் 16 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது.

பொனற் ஒரு பக்கம் வாய்பிளந்து நிற்கும் காரைக் கராச்சுக்குக் கொண்டுபோங்கள். கைதேர்ந்த தொழிலாளி பொனற்றைத் தொடமாட்டார். காரைச் சமதரையில் நிறுத்தி, கதவோர இடைவெளியைப் பார்ப்பார். மொறிஸ் மைனருக்குத் தனிச் சசி கிடையாது. உடலே பாரம் தாங்குகிறது. கதவுக்குக் கீழே ஓடும் தகடு துருப்பிடித்து இளகினால் நடுப்பகுதி இறங்கும், கதவின் மேல்மூலை நெருங்கும், மட்காட் சரியும். இவ்வளவுக்கும் பிறகுதான் பொனற் பொருந்தாமல் போகிறது. ஜக் கொடுத்துத் தூக்கும்போது கதவின் இடைவெளி மாறினால், நோய் அடியிலே என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

அடியைத் திருத்திய பிறகு கதவை நேராக்குவார், கதவைப் பார்த்து மட்காட்டை வைப்பார், அதன் பிறகே பொனற். அப்போதும் பூட்டைக் கழற்றி ஒருபுறம் வைத்துவிடுவார். பிணைச்சல் போல்ற்றுகளை அசையுமளவுக்கு இளக்கி, மெதுவாக மூடி, மயிரளவு தள்ளி, பென்சிலால் கோடிட்டு, திறந்து இறுக்கி, மறுபடி மூடிப் பார்ப்பார். பூட்டு கடைசியில். முதலிலேயே மாட்டினால் அது பொனற்றை இழுத்துப் பிடித்து, பொருந்தியதுபோலக் காட்டும். ஓட ஓட அதிர்வில் தகடு வெடிக்கும். இடைவெளியே இல்லாமல் ஒட்டவைக்கவும் மாட்டார். ஏறக்குறைய 4, 5 மில்லிமீற்றர் விடுவார். குழியில் ஏறி இறங்கும்போது காரின் உடல் முறுக்கும். ஒட்டியிருந்தால் உரசிப் பெயின்ற் உரியும், அங்கே துரு பிடிக்கும். முன்னிருந்து பின்வரை இடைவெளி ஒரே அளவாக இருக்கிறதா என்பதுதான் அவருடைய கவலை.

அன்பானவர்களே, நம் குடும்பங்களிலும் இதுதான் நடக்கிறது: ஒரு முழ வேலிக்காக அண்ணனும் தம்பியும் வருஷக்கணக்காகக் கதைப்பதில்லை. தகப்பனின் ஆண்டுத் திருப்பலிக்கு வெளிநாட்டிலிருந்து வந்தவர் இந்தக் கரையில், ஊரில் இருப்பவர் அந்தக் கரையில். ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரையும் கைகொடுக்க வைத்து, படமும் எடுத்து அனுப்புகிறார்கள். அது பூட்டை முதலில் மாட்டும் வேலை. வேலிக்கு அடியில் வேறொன்று கிடக்கிறது. ஒருவர் தொறன்ரோவில் குளிரில் இரண்டு வேலை செய்து பணம் அனுப்பினார். மற்றவர் செல்லடிக்குள்ளும் அம்மாவை விட்டுப் போகாமல், கடைசிவரை தூக்கிக் கிடத்திப் பார்த்தார். பணம் அனுப்பியவரின் குளிரை இங்கே யாரும் எண்ணவில்லை. பார்த்தவரின் இரவுகளை அங்கே யாரும் எண்ணவில்லை. துரு அங்கேதான்.

மலைப்பொழிவில் ஆண்டவரும் ஒரு வரிசை வைத்திருக்கிறார்: காணிக்கை காத்திருக்கலாம், சகோதரன் காத்திருக்கக் கூடாது. இளகுங்கள் என்று நான் கேட்பது உங்கள் பக்க நியாயத்தை விட்டுவிடச் சொல்வதல்ல. போல்ற்றை யாரும் கழற்றி எறிவதில்லை, அசையுமளவுக்குத்தான் இளக்குகிறார்கள். ஒப்புரவான பிறகும் இரண்டு வீடு இரண்டு வீடாகவே இருக்கட்டும். நடுவில் ஒரு வேலி நிற்பதும் பாவமல்ல.

காணி வழக்கோடு இருப்பவர்கள் வருகிற சனிக்கிழமை பின்னேரம் பங்குமனைக்கு வாருங்கள். வெளிநாட்டில் இருப்பவரைத் தொலைபேசியில் எடுப்போம். உறுதிகளையும் சட்டத்தரணியின் கடிதங்களையும் கொண்டுவர வேண்டாம். ஒவ்வொருவரும் மற்றவர் அந்த வீட்டுக்குச் செய்ததை மட்டும் சொல்ல வேண்டும். சொல்லி முடியும்வரை மற்றவர் குறுக்கிடக் கூடாது. எல்லைக்கல்லை இன்னொரு நாளில் பார்ப்போம்.

இப்போது விசுவாச அறிக்கைக்கு எழுந்து நிற்போம்.