கட்டி முடித்தபின்

பாஸ்கா காலத்தில் இல்லங்களை மந்திரிக்கச் செல்வது குருக்களாகிய நமக்கு ஆண்டுதோறும் வாய்க்கும் நற்பேறு. பங்குனி கழிந்து சித்திரை பிறக்கும் இளவேனிற் பருவம் அது. திருவிழிப்பு இரவில் புனிதப்படுத்தப்பட்ட தீர்த்தத்தோடும் உபதேசியாரோடும் தெருத்தெருவாகச் செல்கிறோம். இவ்வாண்டு அவ்வாறு சென்ற இல்லங்களுள் ஒன்று, வங்கிக் கடன் பெற்று இளந்தம்பதியர் இருவர் கட்டிய புதுவீடு. அவர்கள் குடிபுகுந்து ஒரு மழைக்காலம் மட்டுமே கழிந்திருந்தது. கூடம், அடுக்களை, படுக்கையறை என ஒவ்வோரிடமாக அழைத்துச் சென்று தெளிக்கச் சொன்னார்கள். நீரேற்றும் மோட்டாருக்கும் தெளிக்கச் சொன்னபோது, "மின்சாரத்தோடு விளையாடாதீர்கள்" என்று உபதேசியார்தாம் தடுத்தார்.

விடைபெறும் வேளையில் கூடத்துக் கூரையின் மூலையில், உள்ளங்கை அகலத்திற்கு மஞ்சள் படர்ந்த கறை ஒன்று நம் கண்ணில் பட்டது. "புதுவீடுதானே சாமி, ஒன்றும் ஆகாது. அடுத்த ஆண்டு வண்ணம் பூசினால் மறைந்துவிடும்" என்றார் வீட்டுக்காரர். வீட்டின் எல்லா மூலைகளையும் மந்திரித்தோம். மாடிக்கு மட்டும் யாரும் நம்மை அழைக்கவில்லை.

ஒரு பொருளை உருவாக்கியவனின், அல்லது உரிமையாக்கிக் கொண்டவனின் கடமை எப்போது முடிகிறது? இவ்வினா கறையோடு சேர்ந்து நம் உள்ளத்தில் தங்கிவிட்டது.

நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற ஞானச் சொற்களுள் 'பராமரிப்பு' என்பது ஒன்று. தேவ பராமரிப்பு என்று நம் பாட்டிமார் சொன்னார்கள். இறைப் பராமரிப்பு என்று இன்று நாம் சொல்கிறோம். இதே சொல்லைத்தான் அரசு அலுவலகத்தார் சாலைக்கும் பாலத்துக்கும் கணக்கெழுதும்போது பயன்படுத்துகிறார்கள். இலத்தீன் மொழியில் இவ்விறைச்செயலுக்கு உள்ள சொல், முன்னோக்கிக் காண்பதைக் குறிக்கும். தமிழ்ச்சொல்லோ கண்ணைவிடக் கையையே நினைவூட்டுகிறது. பார்த்திருப்பவர் மட்டுமல்லர் இறைவன்; தூசு துடைப்பவரும் அவரே, விரிசல் அடைப்பவரும் அவரே.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித அக்குவினா தோமையார் தம் பெருநூலில் இதனை ஆராய்கிறார். (அந்நூலின் இலத்தீன் பெயர் 'சும்மா' என்று தொடங்குவதால், குருமடத்தில் அதனைப் படிக்காதவர்கூடச் சிரித்திருப்பர்.) கதிரவன் மறைந்தால் காற்றில் ஒளி தங்குவதில்லை, அவ்வாறே இறைவன் தாங்குவதை நிறுத்தினால் படைப்பு நொடியும் நில்லாது என்பது அவர் கருத்து. இதற்கு எதிர்நிலையில் அவர் காட்டும் எடுத்துக்காட்டு ஒரு வீடு. கட்டுபவர் வீடு உருவாவதற்கு மட்டுமே காரணர். அது நிலைத்திருப்பதோ கல், மரம், சாந்து ஆகியவற்றின் இயல்பால். ஆகவே கொத்தனார் கூலி வாங்கிச் சென்றபின்னும் வீடு நிற்கிறது.

குருமடத்தில் இதைப் படித்தபோது நமக்கு ஐயம் எதுவும் எழவில்லை. ஒழுகும் பங்கு இல்லங்களில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தபின், மறைவல்லுநரோடு மெல்ல வாதிடத் தோன்றுகிறது. கல்லும் சாந்தும் தம் இயல்பால் நிற்பது உண்மையே; ஆனால் சிதைவதும் அவற்றின் இயல்பன்றோ? வீடும் ஒளியைப் போன்றதே. அணைவதற்குச் சில ஆண்டுகள் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது, அவ்வளவே.

ஓலைக்குடிசையில் வாழ்ந்தவர்க்கு இதை யாரும் போதிக்கத் தேவையில்லை. கோடையில் பழைய கீற்றைப் பிரித்துப் புதுக்கீற்று வேய்ந்தார்கள். நாட்டு ஓட்டு வீட்டார் மழைக்கு முன் ஓடு மாற்றினார்கள். 1865ஆம் ஆண்டு மங்களூரில் பாசல் மிஷன் என்னும் சீர்திருத்த சபையார் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய ஓடு அந்த உழைப்பைப் பெரிதும் குறைத்தது. சபை வேறாயினும் அவர்களுக்கு நாம் நன்றி சொல்லலாம். எனினும் உடைந்த ஓட்டை மாற்ற ஆள் கூரையேறத்தான் வேண்டியிருந்தது. காங்கிரீட் வந்தது, கூரையேறும் வழக்கம் மறைந்தது. 'நிலையான வீடு' என்று நாம் அதற்குப் பெயரிட்டோம். பெயரை நாமே நம்பிவிட்டோம்.

உண்மையில் நடப்பது வேறு. காங்கிரீட்டின் காரத்தன்மை உள்ளிருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. விரிசல் வழியே நீரும் காற்றும், கடலோரத்தில் உப்பும் புகுந்தால் அக்காவல் குலைகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைக்கும். ஆதலால் காங்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்து தள்ளும். மஞ்சள் கறையாகத் தொடங்குவது, பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தொட்டிலின்மேல் விழும் காரைக்கட்டியாக முடியக்கூடும்.

தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, ஐப்பசியை ஒட்டி வரும் வடகிழக்குப் பருவக்காற்றில் பெய்கிறது. தளம் காய்ந்து, விரிசல்கள் வெயிலில் வாய்திறந்து தெரியும் காலம் இளவேனில். புதிதாக வீட்டுக்காரர் ஆனவர் அப்போது ஒரு காலைப்பொழுதை மாடிக்குக் கொடுத்தால் போதும். மழைநீர்க் குழாயின் வாயில் சருகு அடைத்திருக்கும். தட்டோடுகளின் இணைப்பில் சாந்து உதிர்ந்திருக்கும். கைப்பிடிச் சுவரின் அடியில், காக்கை எச்சத்திலிருந்து முளைத்த அரசங்கன்று இரண்டு இலை விட்டிருக்கும். அதை அன்று இரு விரலால் பிடுங்கிவிடலாம். நான்கு ஆண்டு கழித்துப் பிடுங்கச் சுவரை இடிக்க வேண்டும். 2003ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புக் குழி பல வீடுகளில் மண்மூடி, அதன்மேல் பூந்தொட்டி வைக்கப்பட்டிருப்பதையும் காண்கிறோம்.

இனி, சொல்லக் கூச்சமான ஒன்று. 2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலைக்குப் பின் நம் கடலோரமெங்கும் அரசும், தொண்டு நிறுவனங்களும், திருச்சபை அமைப்புகளும் ஆயிரக்கணக்கில் வீடுகள் கட்டின. கீற்றின்கீழ் வாழ்ந்தோர் ஒரே நாளில் காங்கிரீட் வீட்டுக்கு உரிமையாளர் ஆயினர். அவ்வீடுகள் சிலவற்றை நாமும் மந்திரித்தோம், நாடா வெட்டினோம், கல்வெட்டில் பெயர்கள் பொறிக்கப்படக் கண்டோம். சாவி கொடுத்தோம். இக்கூரை ஆண்டுக்கு ஒருமுறை என்ன கேட்கும் என்பதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அதற்கென ஒரு சிறு நிதியும் வைக்கவில்லை. இன்று அவற்றுள் பலவற்றில் கம்பி வெளியே தெரிகிறது. கல்வெட்டு மட்டும் நன்றாகவே இருக்கிறது.

அங்கு வந்த விருந்தினர் ஒருவர், "இலவசமாகக் கிடைத்ததால் அருமை தெரியவில்லை, சோம்பல்" என்றார். அவருக்குத் துணையாக ஒரு மறைநூல் வாக்கையும் காட்டலாம்: சோம்பலால் கூரை தாழ்ந்து வீடு ஒழுகும் என்ற கருத்து சபை உரையாளர் நூலின் 10ஆம் அதிகாரத்தில், 18ஆம் வசனத்தில் உண்டு. ஆனால் அதற்கு முந்திய இரு வசனங்களையும் படிக்க வேண்டும். அங்குப் பேசப்படுவோர் ஏழைகள் அல்லர். காலையிலேயே விருந்துண்ணும் தலைவர்கள். கூரை ஒழுகுவதற்கு வீட்டில் இருப்பவனின் சோம்பலைத் தேடுமுன், அவ்வீட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பாராதவர்களின் சோம்பலைத் தேடச் சொல்கிறது அப்பகுதி என்றே நாம் எண்ணுகிறோம். உலகைப் படைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்ட கடவுள் என்னும் கொள்கையைத் திருச்சபை ஏற்றதில்லை. நம் அறச்செயல்களில் மட்டும் அக்கடவுளையே நாம் பின்பற்றியிருக்கிறோம்.

அவர்களுக்கும் பொறுப்பு இல்லையா எனக் கேட்கலாம். உண்டு. உரிமையாளருக்கு மறைநூல் இடும் முதற்கட்டளையே கடுமையானது. இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரம், புதுவீடு கட்டுபவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும் என்கிறது. இல்லையேல், விழுந்தவனின் இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வரும். வீடு என்னுடையது என்பதன் பொருள், அங்கு வரும் பிறர் உயிருக்கு நான் விடைசொல்ல வேண்டும் என்பது.

நம் காலத்தில் கைப்பிடிச் சுவர் இல்லாத இடம் மாடியன்று, கழிவுநீர்த் தொட்டி. வீட்டுப் பராமரிப்பு என்றதும் பலர் அதை வேறொருவனைக் கூப்பிட்டு முடிக்கும் வேலையாகவே கருதுகின்றனர். தொட்டிக்குள் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு தொடக்கத்தில் அழுகிய முட்டைபோல் நாறும். செறிவு மிகுந்தால் முகரும் ஆற்றலையே மழுங்கச் செய்யும். ஆபத்து நீங்கியதாக எண்ணி மனிதன் இறங்குவான். அவனைத் தூக்க இறங்குபவனும் மீள்வதில்லை. போதிய பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், கழிவுநீர்க் குழியில் இறப்போரின் குடும்பத்திற்கான இழப்பீட்டை 10 இலட்சத்திலிருந்து 30 இலட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்தது, இறங்குவோர் இன்னும் இறங்குகின்றனர். அவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். ஞாயிறன்று நம்மோடு அதே திருவிருந்தில் பங்கேற்பவர்களும் அவர்களுள் உண்டு. உறிஞ்சும் இயந்திர வண்டிக்கு ஆகும் சில ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்துவதற்காக ஓர் ஆளைக் கூப்பிடும் கத்தோலிக்க இல்லத்தின் கதவில் நாம் தெளித்த தீர்த்தத்திற்கு என்ன பொருள்?

லேவியர் நூலின் 14ஆம் அதிகாரத்தை நாம் மறையுரையில் விளக்கியதே இல்லை. சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ கறை கண்டால், வீட்டுக்காரர் குருவிடம் வந்து சொல்ல வேண்டும். குரு நேரில் வந்து பார்க்க வேண்டும். கெட்ட கல்லைப் பெயர்த்து, சாந்தைச் சுரண்டி எறியச் சொல்ல வேண்டும். வண்ணம் பூசி மறைக்க அங்கு இடமில்லை.

அடுத்த வாரம் அந்தத் தம்பதியர் வீட்டுக்கு மறுபடியும் சென்றோம். எதையோ மறந்து வைத்துவிட்டோம் என்று எண்ணிய அம்மங்கை தேடத் தொடங்கினார். மாடிக்குப் படி இல்லாததால் பக்கத்து வீட்டில் ஏணி வாங்கினார்கள். அங்கியை இழுத்துச் செருகிக்கொண்டு நாம் ஏறினோம். வீட்டுக்காரர் பின்னால் வந்தார். கறைக்கு நேர்மேலே குழாயின் வாயில் வேப்பஞ்சருகும் கட்டடத்தார் விட்டுச்சென்ற சிமென்டுப் பையின் கிழிசலும் ஒட்டிக்கிடந்தன. அவர் குனிந்து கையாலேயே அள்ளி எடுத்தார். கீழிருந்து ஒரு வாளித் தண்ணீரைக் கயிற்றில் கட்டி ஏற்றி ஊற்றினோம். சற்றுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு குழாயின் அடியில் தண்ணீர் விழும் ஒலி கேட்டது.

"சாமி, இங்கேயும் கொஞ்சம் தெளித்துவிடுங்கள்" என்றார். செம்பைக் கீழே வைத்துவிட்டு வந்திருந்தோம்.